பசிபிக் தீவு நாடுகளில் எரிசக்திக் கொள்கைப் பணி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பிஜியின் தலைநகரான சுவாவில், பசிபிக் தீவு அரசுகளுக்கு எரிசக்தி தொடர்பான ஆலோசனை வழங்கும் வட்டார அமைப்பு ஒன்றில் ஏழு ஆண்டுகள் பணியாற்றினேன். ஊருக்கு வரும்போதெல்லாம் பொறியியல் மாணவர்களும், மின்வாரியத்தில் இருக்கும் நண்பர்களும், உறவினர்களும் கேட்கும் சந்தேகங்கள் பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கின்றன. அவற்றைக் கேட்டவர்களின் சொற்களிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். வேலை தேடி வருபவர்கள் நேராகக் கடைசிப் பகுதிக்குப் போய்விட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். அங்குள்ள பதில்களுக்கு முன்னால் உள்ளவைதான் அடிப்படை.

“அது ஐ.நா. அமைப்பா, அரசாங்க வேலையா, இல்லை தொண்டு நிறுவனமா?”

மூன்றும் இல்லை. பல அரசுகள் ஒப்பந்தம் செய்துகொண்டு, ஆண்டுச் சந்தா கட்டி, தங்களுக்குப் பொதுவாக வைத்துக்கொண்டிருக்கும் அமைப்பு. பசிபிக்கில் இந்த வகையில் மிகப் பழையது எஸ்.பி.சி. என்று அழைக்கப்படும் பசிபிக் சமூகம். ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, பிரான்ஸ், பிரிட்டன், அமெரிக்கா, நெதர்லாந்து ஆகிய ஆறு நாடுகள் 1947இல் கான்பெராவில் கையெழுத்திட்டு அதைத் தொடங்கின. அன்று அந்தத் தீவுகளை ஆண்டுகொண்டிருந்தவர்கள் அவர்களே. இன்று 22 தீவு நாடுகளும் ஆட்சிப்பகுதிகளும் அதில் உறுப்பினர்களாக இருந்து முடிவெடுக்கின்றன. தலைமையகம் நியூ கலிடோனியாவின் நுமேயாவில் இருக்கிறது. சுவாவில் பெரிய அலுவலகம் உண்டு. டோங்காவின் நுகுஅலோஃபாவில் புதுப்பிக்கத்தக்க எரிசக்திக்கும் சிக்கனத்துக்குமான வட்டார மையம் ஒன்றும் இயங்குகிறது. அரசியல் விவகாரங்களுக்குப் பசிபிக் தீவுகள் மன்றம், சுற்றுச்சூழலுக்குச் சமோவாவின் ஆப்பியாவில் ஓர் அமைப்பு, மின் நிறுவனங்களுக்குச் சுவாவில் ஒரு சங்கம் என்று வேறு சிலவும் இருக்கின்றன.

இத்தனை எதற்கு என்பவர்களுக்குத் துவாலுவைச் சொல்வேன். அங்கே மக்கள்தொகை ஏறக்குறைய 11,000. நிலம் 26 சதுர கிலோமீட்டர். அந்த நாட்டின் எரிசக்தித் துறையில் இருப்பவர்களை ஒரு மேசையைச் சுற்றி உட்கார வைத்துவிடலாம். மின்கட்டண வல்லுநர், சட்ட வரைவாளர், புள்ளியியலாளர், பேட்டரி தெரிந்த பொறியாளர் என்று ஒவ்வொருவரையும் தனியாக வேலைக்கு வைத்துக்கொள்ள அந்த அரசால் முடியாது. பத்துப் பன்னிரண்டு நாடுகள் சேர்ந்து வைத்துக்கொண்டால் முடியும்.

“தீவுகளில் கரண்ட் எங்கிருந்து வருகிறது? கடலுக்கடியில் கேபிள் போட்டிருக்கிறார்களா?”

கிரிபாட்டி என்ற நாட்டை எடுத்துக்கொள்ளுங்கள் (எழுதுவது அப்படி, அங்கே சொல்வது கிரிபாஸ்). அதன் மொத்த நிலம் 811 சதுர கிலோமீட்டர். அந்த நிலம் சிதறிக் கிடக்கும் கடற்பரப்பு சுமார் 35 லட்சம் சதுர கிலோமீட்டர். இந்தத் தூரத்துக்குக் கேபிள் இழுப்பது நடக்கிற காரியமல்ல. ஒவ்வொரு தீவும் தனக்கான மின்சாரத்தைத் தானே தயாரித்துக்கொள்ள வேண்டும். பற்றாக்குறை வந்தால் பக்கத்து மாநிலத்திடம் வாங்கிச் சமாளிக்கலாம் என்ற வழியே அங்கே இல்லை.

பெரும்பாலான தீவுகளில் அந்த மின்சாரம் டீசலிலிருந்து வருகிறது. நல்ல நிலையிலுள்ள நடுத்தர இயந்திரம் ஒரு லிட்டர் டீசலுக்கு மூன்றரை முதல் நான்கு யூனிட் தரும்; கிராமத்துச் சிறு ஜெனரேட்டர் மூன்று யூனிட்கூடத் தராது. அந்த டீசல் பெரிய கப்பலில் தலைநகருக்கு வந்து, சிறு கப்பலுக்கு மாறி, பீப்பாய்களில் வெளித்தீவுக்குப் போய், சில இடங்களில் படகிலிருந்து தோள்மீது கரையேறுகிறது. ஒவ்வொரு கைமாற்றமும் விலையில் ஏறும். 2008இல் உலகச் சந்தையில் எண்ணெய் விலை எகிறியபோது மார்ஷல் தீவுகளின் அரசு பொருளாதார அவசரநிலையையே அறிவிக்க நேர்ந்தது. பிஜி இதற்கு விலக்கு: மொனசாவு அணையும் வைலோவாவில் உள்ள 80 மெகாவாட் நீர்மின் நிலையமும் அங்கே நாற்பது ஆண்டுகளாக முதுகெலும்பாக இருக்கின்றன.

“கொள்கை ஆலோசகர் என்றால் என்னதான் வேலை? அறிக்கை எழுதிக்கொண்டிருப்பதா?”

அறிக்கையும் உண்டு. ஆனால் என் நேரத்தில் பெரும்பகுதியை எடுத்துக்கொண்டவை கணக்கும் சட்டமும். ஒரு நாட்டின் எரிசக்தித் துறை, “தனியார் ஒருவர் சூரிய மின்சாரம் தயாரித்து விற்க வருகிறார், எங்கள் மின்சாரச் சட்டத்தில் அதற்கு இடமே இல்லை, என்ன செய்யலாம்?” என்று எழுதிக் கேட்கும். பழைய சட்டத்தை வரிக்கு வரி படித்து, உரிமம் கொடுப்பவர் யார், விலையை முடிவு செய்பவர் யார், தகராறு வந்தால் தீர்ப்பவர் யார் என்று பிரித்து, அவர்களுடைய அரசு வழக்கறிஞரோடு உட்கார்ந்து வரைவு தயாரித்து, அமைச்சரவைக்குப் போகும் இரண்டு பக்கக் குறிப்பு வரைக்கும் கூடவே இருந்து உதவ வேண்டும். முடிவு அவர்களுடையது.

கணக்கு என்று சொன்னதற்கு ஓர் எடுத்துக்காட்டு. ஒரு நாடு ஆண்டுக்கு எவ்வளவு மண்ணெண்ணெய் எரிக்கிறது என்று கேட்டால் உடனே விடை கிடைத்துவிடும் என்று முதல் மாதத்தில் நான் நம்பினேன். அந்தத் தீவுகளில் பல இடங்களில் விமானத்துக்கும் வீட்டு விளக்குக்கும் ஒரே மண்ணெண்ணெய்தான் இறங்குகிறது. சுங்கத்துறைப் பதிவில் இரண்டுக்கும் ஒரே எண். எண்ணெய் நிறுவனத்தின் கணக்கு கொள்ளளவில், துறைமுகக் கணக்கு எடையில். இவற்றை ஒப்பிட்டு நேர் செய்யவே இரண்டு வாரம் பிடித்தது. அந்த ஒரு எண் தவறாக இருந்தால், அதன்மேல் எழுதப்படும் பத்தாண்டுத் திட்டம் முழுவதும் தவறாகிவிடும் என்பதால் இந்த வேலையை நான் ஒருபோதும் சிறியதாக நினைத்ததில்லை.

“குளிர்சாதனப் பெட்டியில் நட்சத்திரக் குறி ஒட்டுவதெல்லாம்கூடவா உங்கள் வேலை?”

ஆம், மிகக் குறைந்த செலவில் மிகுந்த பலன் தந்த வேலைகளில் அதுவும் ஒன்று. வேறு நாடுகளில் விற்க முடியாமல் போன, மின்சாரத்தைக் குடிக்கும் பழைய மாதிரிகள் கேள்வி கேட்பாரில்லாத தீவுகளுக்கு வந்து சேரும். குறைந்தபட்சத் தரத்தை விதித்து, திறன் குறியைக் கட்டாயமாக்கினால் இது நிற்கும். எஸ்.பி.சி.யின் ஒருங்கிணைப்பில் இதற்கென ஒரு வட்டாரத் திட்டம் நடந்தது. துவாலு 2016இலும் சமோவா 2017இலும் எரிசக்திச் சிக்கனச் சட்டங்களை இயற்றின. ஒவ்வொரு நாடும் தனித்தனிச் சோதனைக்கூடம் கட்டத் தேவையில்லாமல், ஆஸ்திரேலியா, நியூசிலாந்து நாடுகளின் தரங்களையே அடிப்படையாக எடுத்துக்கொண்டது இதில் புத்திசாலித்தனமான முடிவு.

“வெயில்தான் கொட்டிக் கிடக்கிறதே, சோலார் போட்டால் வேலை முடிந்துவிடாதா?”

போட்டவர்கள் இருக்கிறார்கள். நியூசிலாந்தின் ஆட்சிப்பகுதியான டோக்கலாவில் மூன்று பவளத்தீவுகள். மக்கள் ஏறக்குறைய 1,500 பேர். விமான நிலையம் கிடையாது, சமோவாவிலிருந்து கப்பலில் ஒரு நாளுக்கு மேல் ஆகும். அங்கே 2012இல் 4,032 சோலார் தகடுகளும் 1,344 பேட்டரிகளும் நிறுவப்பட்டு, டீசலை நம்பியிருந்த மின்சாரம் ஏறத்தாழ முழுவதும் சூரியனுக்கு மாறியது. செய்ய முடியும் என்று உலகத்துக்குக் காட்டிய ஊர் அது. ஆனால் 24 மணி நேரமும் மின்சாரம் கிடைத்தவுடன் உறைபெட்டிகளும் பிற கருவிகளும் கூடின. தேவை உயர்ந்தபோது டீசல் இயந்திரம் மீண்டும் துணைக்கு வர வேண்டியிருந்தது.

பெரிய தீவுகளில் சிக்கல் வேறு. மாலை ஆறு மணிக்கு மேல்தான் மின்தேவை உச்சத்துக்குப் போகும். அப்போது சூரியன் இருக்காது. பகலில் ஒரு மேகம் கடந்தால் சில விநாடிகளில் சோலார் உற்பத்தி பாதியாகக் குறையும். அந்த இறக்கத்தைத் தாங்க டீசல் இயந்திரம் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். அந்த இயந்திரத்தையோ, அதன் திறனில் சுமார் 30 சதவீதத்துக்குக் கீழே நீண்ட நேரம் ஓட்டினால் எரியாத எண்ணெய் படிந்து கெட்டுப்போகும். இந்த இரண்டுக்கும் நடுவிலுள்ள இடைவெளியில்தான் பேட்டரியும் கட்டுப்பாட்டுக் கருவியும் வருகின்றன, செலவும் அங்கேதான்.

பிறகு நிலம். அகலம் நூறு இருநூறு மீட்டரே உள்ள பவளத்தீவில், பரம்பரை உரிமையுள்ள நிலத்தில், எந்தக் குடும்பத்தின் தென்னைகளை வெட்டிவிட்டுத் தகடு பதிப்பது? துவாலுவில் 2008இல் முதன்முதலாகக் குறிப்பிடத்தக்க அளவில், 40 கிலோவாட், சோலார் வந்தபோது அதைக் கால்பந்து மைதானப் பார்வையாளர் கூரையில்தான் வைத்தார்கள். வேறு இடமில்லை.

“போட்ட சோலார் எல்லாம் நாலைந்து வருஷத்தில் நின்றுபோகிறதாமே, மக்களுக்குப் பராமரிக்கத் தெரியவில்லையா?”

இந்தக் கேள்விக்குத்தான் நான் மிக நீண்ட பதில் வைத்திருக்கிறேன். கிரிபாட்டியில் 1984இல் சோலார் எரிசக்தி நிறுவனம் ஒன்று தொடங்கப்பட்டது. வீடுகளுக்குத் தகடும் விளக்கும் விற்பது அதன் வேலை. வாங்கியவர் தானே பார்த்துக்கொள்ள வேண்டும். சில ஆண்டுகளில் விற்பனை படுத்துவிட்டது. பார்த்தால், விற்ற அமைப்புகளில் பெரும்பாலானவை சரியாக வேலை செய்யவில்லை: சோலார் பேட்டரிக்குப் பதிலாகக் கார் பேட்டரி, மெல்லிய கம்பி, கையால் முறுக்கிய இணைப்பு, கட்டுப்பாட்டுக் கருவியைத் தவிர்த்து நேராகப் போட்ட இணைப்பு. நிறுவனம் மூழ்கும் நிலையில், 1990களின் தொடக்கத்தில் ஜப்பானின் உதவியோடு முறையையே மாற்றினார்கள். தகடும் பேட்டரியும் நிறுவனத்தின் சொத்து. வீட்டுக்காரர் மாதக் கட்டணம் கட்டுவார். நிறுவனத்தின் ஆள் மாதாமாதம் வந்து பார்த்துவிட்டுப் போவார். தீவும் மக்களும் வெயிலும் அவையேதான். மாறியது ஏற்பாடு மட்டும். அமைப்புகள் நிலைத்து நின்றன.

நான் நேரில் கண்ட ஒன்றையும் சொல்கிறேன்; தீவின் பெயர் வேண்டாம். பள்ளிக்கும் மருத்துவ மனைக்கும் மின்சாரம் தரும் நிலையம் நின்றுவிட்டது, இயக்குபவர் கவனக்குறைவாக இருந்தார் என்று எங்களுக்குக் கடிதம் வந்தது. போய்ப் பேட்டரி அறையின் கதவைத் திறந்தபோது அமில நெடி மூக்கில் ஏறியது. இரண்டு வோல்ட் பேட்டரிக் கலங்கள் இருபத்து நான்கு. ஒவ்வொன்றிலும் நீர் உள்ளிருக்கும் ஈயத் தகட்டுக்குக் கீழே இறங்கி, தகட்டின் மேல்விளிம்பு வெளுத்துப்போயிருந்தது. சுவரில் ஓர் ஆணி, அதில் சணலில் கட்டித் தொங்கிய பதிவேடு. ஒவ்வொரு வாரமும் ஒவ்வொரு கலத்தின் அளவும் பென்சிலால் ஒழுங்காகக் குறிக்கப்பட்டிருந்தது. பதினான்கு மாதத்துக்கு முந்தைய பக்கத்தில், “டிஸ்டில்டு வாட்டர் தீர்ந்தது, ரேடியோவில் கேட்டிருக்கிறேன்” என்ற குறிப்பு. அடுத்த பக்கத்திலும் அதே. அதற்கடுத்த பக்கத்திலும் அதே. அதன்பின் வெற்றுத்தாள்கள்.

தலைநகருக்குத் திரும்பி விசாரித்தேன். மின்நிறுவனம், வெளித்தீவு நிலையங்கள் தன் பொறுப்பல்ல என்றது. எரிசக்தித் துறை, திட்டம் முடிந்து ஒப்படைத்தாகிவிட்டது என்றது. தீவு மன்றத்துக்கு அதற்கான நிதியே வருவதில்லை. டிஸ்டில்டு வாட்டர் என்ற ஒரு வரி அந்த நாட்டின் எந்த வரவு செலவுத் திட்டத்திலும் இல்லை. அந்த மனிதருக்குப் பராமரிக்க நன்றாகவே தெரிந்திருந்தது. கொள்கை என்று நான் எதைச் சொல்கிறேன் என்று கேட்டால், அந்த இல்லாத வரியைச் சொல்வேன்.

“இலவசமாக வந்த பேனலுக்கு ஏழை மக்களிடம் ஏன் காசு வாங்க வேண்டும்?”

தகடு இலவசமாக வந்தது. அடுத்த பேட்டரி இலவசமாக வராது என்பதால். ஒரு வீட்டு அமைப்பின் பேட்டரி 400 டாலர், அது எட்டு ஆண்டு உழைக்கும் என்று வைத்துக்கொண்டால், ஆண்டுக்கு 50 டாலர், மாதத்துக்கு நான்கு டாலருக்குச் சற்று மேல் ஒதுக்கி வைத்தால்தான் ஒன்பதாம் ஆண்டில் விளக்கு எரியும். வெப்பத்தில் ஈயப் பேட்டரியின் ஆயுள் வேகமாகக் குறையும். 25 டிகிரிக்கு மேல் ஒவ்வொரு பத்து டிகிரிக்கும் ஏறக்குறைய பாதியாகும் என்பது எங்கள் துறையில் எல்லோரும் வைத்துக்கொள்ளும் கணக்கு. ஆகவே அந்த எட்டையும் நம்பி இருக்க முடியாது. மேலே சொன்ன கிரிபாட்டியின் மாற்றம் வென்றதற்குக் காரணம் இந்தக் கட்டணமும், அதற்கு ஈடாக மாதாமாதம் வந்து பார்த்த ஆளும் சேர்ந்து இருந்ததுதான். ஆளை அனுப்பாமல் கட்டணம் மட்டும் கேட்டால் மக்கள் கட்ட மாட்டார்கள். அவர்கள் செய்வது நியாயம்.

கட்ட இயலாதவர்களுக்கு அரசு உதவ வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. முதல் சில யூனிட்டுகளுக்குக் குறைந்த விலை என்ற முறை பல தீவுகளில் இருக்கிறது. மானியத்தை வரவு செலவுத் திட்டத்தில் வெளிப்படையாக எழுதி ஆண்டுதோறும் கொடுக்க வேண்டும். மின்நிறுவனத்தின் நட்டத்துக்குள் அதை மறைத்து வைத்தால், அந்த நட்டம் கடைசியில் உதிரிப்பாகம் வாங்க வேண்டிய பணத்தைத்தான் தின்னும்.

“2020க்குள் 100 சதவீதம் புதுப்பிக்கத்தக்க மின்சாரம் என்று அறிவித்தார்களே, என்ன ஆயிற்று?”

குக் தீவுகளும் துவாலுவும் அப்படி அறிவித்தன. டோங்கா அதே ஆண்டுக்குள் 50 சதவீதம் என்றது. குறித்த ஆண்டில் எந்த இலக்கும் எட்டப்படவில்லை. குக் தீவுகளின் வடபகுதிச் சிறு தீவுகள் 2015இல் சோலாருக்கு மாறிவிட்டன என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். பின்தங்கியது மின்தேவை அதிகமுள்ள தலைமைத் தீவு. சிறு தீவில் எளிதாகவும் பெரிய தீவில் கடினமாகவும் இருப்பது ஏன் என்பதற்கு, சோலார் பற்றிய பதிலில் சொன்ன மாலை நேரத் தேவையும் மேகமும் நிலமும் விடை.

இலக்கு தவறியதாலேயே அதை வெற்று அறிவிப்பு என்று நான் ஒதுக்க மாட்டேன். உலக உமிழ்வில் தங்கள் பங்கு மிக மிகச் சிறியது என்று தெரிந்தே, கடல் ஏறி வரும் நாடுகள் முதலில் தங்கள் வீட்டை ஒழுங்குபடுத்துகிறோம் என்று எழுந்து நின்ற செயல் அது. எனக்குள்ள குறை வேறு: இலக்கை எழுதும்போது, அதை அடைய எத்தனை பேருக்குப் பயிற்சி வேண்டும் என்ற எண்ணை யாரும் பக்கத்தில் எழுதவில்லை. பப்புவா நியூகினியில் சிக்கல் இன்னும் அடிப்படையானது. 2018இல் போர்ட் மோர்ஸ்பியில் நடந்த ஆசிய பசிபிக் பொருளாதார ஒத்துழைப்பு (அபெக்) மாநாட்டின்போது, சுமார் 13 சதவீத மக்களுக்கு மட்டும் எட்டியிருந்த மின்சாரத்தை 2030க்குள் 70 சதவீதத்துக்குக் கொண்டுபோவோம் என்று நான்கு நாடுகள் அந்நாட்டுடன் ஒப்பந்தம் செய்தன. அங்கே எந்த வகை மின்சாரம் என்பதற்கு முன்னால், மின்சாரம் உண்டா இல்லையா என்பதே கேள்வி.

“புயல் அடித்தால் அத்தனையும் போய்விடாதா?”

2015இல் வனுவாட்டுவைத் தாக்கிய பாம் புயலையும், 2016இல் பிஜியில் 44 உயிர்களைப் பறித்த வின்ஸ்டன் புயலையும் பார்த்தவர்கள் இந்தக் கேள்வியோடுதான் திட்டத்தைத் தொடங்குவார்கள். விடை வடிவமைப்பில் இருக்கிறது. பிஜியின் புட்டோனியிலும் சமோவாவிலும் நிறுவிய காற்றாலைகள் புயல் எச்சரிக்கை வந்ததும் கம்பத்தோடு தரையில் சாய்த்து வைக்கக்கூடியவை. டோங்காவில் 2018இல் கீட்டா புயல் வந்தபோது, அதற்கு முன்பே புதுப்பிக்கப்பட்டிருந்த கிராம மின்கம்பித் தொடர்கள் பழையவற்றைவிட மிகக் குறைவாகவே சேதமாயின. அதனால் முதலில் சற்றுக் கூடுதலாகச் செலவழிக்கச் சொல்லி நிதியமைச்சகத்தோடு வாதிடுவது எங்கள் வேலையின் ஒரு பகுதி.

புயலை மட்டும் நினைத்தாலும் போதாது. 2022 ஜனவரி 15 அன்று டோங்காவில் கடலடி எரிமலை வெடித்தபோது, சாம்பல் ஊர் முழுவதும் படிந்தது. தகவல் தொடர்புக் கேபிள் அறுந்து நாடே துண்டிக்கப்பட்டது. சோலார் தகடுகளைக் கழுவ நீர் வேண்டும். கூரையில் சேரும் மழைநீரைக் குடிக்கும் ஊரில் அந்த நீரிலும் சாம்பல்.

“மின்சாரத்தைச் சரிசெய்தால் எண்ணெய் இறக்குமதி நின்றுவிடும்தானே?”

நிற்காது. தீவுகளில் எண்ணெயை அதிகம் எரிப்பது போக்குவரத்து: கப்பல், விமானம், வாகனம், மீன்பிடிப் படகின் பெட்ரோல் எந்திரம். ஒரு வெளித்தீவுக் குடும்பத்தின் செலவில் விளக்கைவிடப் படகுக்கான பெட்ரோல் பெரிதாக இருப்பது சாதாரணம். இதனால்தான் வட்டார அளவில் எரிசக்தி அமைச்சர்களும் போக்குவரத்து அமைச்சர்களும் ஒரே கூட்டத்தில் உட்காருகிறார்கள். 2023இல் வனுவாட்டுவின் தலைநகர் போர்ட் விலாவில் அப்படித்தான் கூடினார்கள். ஆனாலும் நிதியில் பெரும்பகுதி மின்சாரத்துக்கே போகிறது. திறப்புவிழாவில் படம் எடுக்கச் சோலார் பண்ணை வசதியானது என்பதும் அதற்கு ஒரு காரணம் என்று நான் வருத்தத்தோடு நினைக்கிறேன்.

“உண்மையைச் சொல்லுங்கள், தீவு அரசு சொல்வதைச் செய்வீர்களா, பணம் கொடுப்பவர் சொல்வதையா?”

இந்த இழுபறி உண்டு. இல்லை என்பவர் அங்கே வேலை பார்த்திருக்க மாட்டார். அமைப்பின் பணத்தில் உறுப்பினர் சந்தா சிறு பங்குதான். பெரும்பகுதி ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, ஐரோப்பிய ஒன்றியம் போன்ற கொடையாளர்கள் குறிப்பிட்ட திட்டங்களுக்கென்று தருவது. என் சம்பளமும் அப்படி ஒரு திட்டத்தில்தான் வந்தது. ஒவ்வொரு கொடையாளரும் தங்கள் நாட்டுக் கருவியோடு வரும்போது, ஒரே தீவில் மூன்று நிறுவனங்களின் இன்வெர்ட்டர்கள் நின்று, ஒன்றின் உதிரிப்பாகம் மற்றதில் பொருந்தாமல் போவதைப் பார்த்திருக்கிறேன்.

இதற்கு நல்ல மருந்து கண்ட நாடு டோங்கா. எண்ணெய் விலை அதிர்ச்சிக்குப் பின் 2010 முதல் 2020 வரைக்கான எரிசக்தி வழித்திட்டத்தைத் தயாரித்து, உதவ வருபவர்கள் அதன் கீழே வாருங்கள் என்று சொன்னது. திட்டம் நாட்டின் கையில் எழுத்தாக இருந்தால், கொடையாளரிடம் “இது எங்கள் வரிசையில் ஏழாவது, முதலாவதற்கு உதவுங்கள்” என்று ஒரு சிறு நாட்டின் அதிகாரியும் தலைநிமிர்ந்து சொல்ல முடியும். அந்த எழுத்தைத் தயாரிக்கத் துணை நிற்பதுதான் வட்டார அமைப்பு இருப்பதற்கே நியாயம் என்பது என் கருத்து.

“நீங்கள் வெளியூர்க்காரர், அவர்களுக்குக் கொள்கை எழுத நீங்கள் யார்?”

இதை என்னிடம் கேட்டவர் ஒரு தீவின் பெண்கள் குழுத் தலைவி. கூட்டத்தில் எழுந்து நின்று, மரியாதையோடுதான் கேட்டார். நான் எழுத வரவில்லை, நீங்கள் முடிவு செய்வதைக் கணக்குப் போட்டுக் காட்ட வந்திருக்கிறேன் என்று சொன்னேன். அப்படியானால் மாலையில் வாருங்கள், பகலில் ஆண்கள் மட்டும் பேசுவார்கள் என்றார். மாலையில் அவர்கள் சொன்னதில் முதன்மையானது தெருவிளக்கல்ல; மீனைக் கெடாமல் வைக்க உறைபெட்டி. நாங்கள் போட்டு வைத்திருந்த மின்தேவைக் கணக்கு அதோடு மாறியது.

வெளியூர்க்காரர் செய்யக்கூடியதற்கு எல்லை உண்டு. எஸ்.பி.சி. போன்ற அமைப்புகளில், நேர்காணலில் இருவர் சமநிலையில் வந்தால் பசிபிக் தீவினருக்கு முன்னுரிமை தருகிறார்கள். அது சரியான விதி. உங்கள் இடத்துக்கு அடுத்து வர வேண்டியவரைப் பயிற்றுவித்துவிட்டு வருவதும் வேலையின் பகுதி.

“சார், நான் எலெக்ட்ரிக்கல் முடித்திருக்கிறேன், எனக்கு அங்கே வேலை கிடைக்குமா?”

படித்து முடித்தவுடன் கிடைப்பது அரிது. பெரும்பாலான சர்வதேசப் பதவிகளுக்கு முதுநிலைப் பட்டமும் பல ஆண்டு அனுபவமும் கேட்பார்கள். மின்வாரியத்திலோ, ஒழுங்குமுறை ஆணையத்திலோ, கிராமச் சிறு மின்கட்டமைப்புகளிலோ வேலை பார்த்தவருக்கு மதிப்பு அதிகம். மின்கட்டண மனு ஒன்றை ஆதியோடந்தம் படித்துப் புரிந்துகொண்டவர், மென்பொருளில் அழகாகச் சோலார் வடிவமைப்பவரைவிட அங்கே பயன்படுவார். ஆங்கிலம் தெளிவாக எழுத வர வேண்டும். பிரெஞ்சு தெரிந்தால் கூடுதல் பலம். பதவிகள் அமைப்பின் தளத்தில் வெளிப்படையாக அறிவிக்கப்படும். இடைத்தரகர் யாராவது காசு கேட்டால் நம்பாதீர்கள்.

“சம்பளம் டாலரிலா? வரி உண்டா? குடும்பத்தைக் கூட்டிப் போகலாமா?”

எஸ்.பி.சி.யில் சர்வதேசப் பதவிகளின் சம்பளம், பன்னாட்டு நாணய நிதியத்தின் எஸ்.டி.ஆர். என்னும் கணக்கலகில் குறிக்கப்பட்டு, பிஜியில் பணியாற்றினால் பிஜி டாலராக மாற்றித் தரப்படும். பிஜி குடிமக்கள் அல்லாதவர்களுக்கு அந்தச் சம்பளத்தின்மேல் பிஜியில் வருமான வரி விதிக்கப்படுவதில்லை. உங்கள் சொந்த நாட்டு வரி விதியைத் தனியாகக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். குடும்பத்தை அழைத்துச் செல்லலாம்; வீட்டுக்கும் குழந்தைகளின் படிப்புக்கும் உதவி உண்டு. ஆனால் ஒப்பந்தம் பெரும்பாலும் மூன்றாண்டு. திட்டப் பணம் தீர்ந்தால் பதவியும் தீரும். ஊரில் நிரந்தர வேலையை விட்டுவிட்டு வருபவர்கள் இதை வீட்டில் பேசி முடிவு செய்வது நல்லது.

“அங்கே தமிழ் கேட்குமா?”

1903 முதல் சென்னைத் துறைமுகத்திலிருந்து கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகப் போன தென்னிந்தியர்களின் வழித்தோன்றல்கள் பிஜியில் இருக்கிறார்கள். 1926இல் அவர்கள் தொடங்கிய சங்கம் இன்றும் பள்ளிகளை நடத்துகிறது. நாடி நகரில் சுப்பிரமணிய சுவாமி கோயில் இருக்கிறது. வீட்டுமொழி பெரும்பாலும் பிஜி இந்தி மொழியாகிவிட்டது. கோயிலில் தேவாரம் கேட்கலாம். சந்தையில் தமிழ் கேட்பது அபூர்வம்.

“பழைய பேட்டரிகள் எங்கே போகின்றன?”

பல இடங்களில் எங்கேயும் போகாமல் நிலையத்தின் பின்புறம் அடுக்கி வைக்கப்பட்டிருக்கின்றன; நிலத்தடி நீர் ஒன்றிரண்டு மீட்டர் ஆழத்திலுள்ள பவளத்தீவில் அது ஆபத்து. தீவுகளுக்குச் சரக்கு கொண்டுவரும் பெட்டகங்கள் காலியாகத்தான் திரும்புகின்றன என்பதைக் கவனித்து, அவற்றில் மறுசுழற்சிக் கழிவுகளைக் கட்டணமின்றி ஏற்றிச் செல்லும் ஓர் ஏற்பாட்டைப் பசிபிக் சுற்றுச்சூழல் அமைப்பும் ஒரு கப்பல் நிறுவனமும் 2018இல் செய்துகொண்டன. ‘மோவானா டாக்கா’ என்று அதற்குப் பெயர். தலைநகர்த் துறைமுகம்வரை கழிவு வந்துவிட்டால் பாதிச் சிக்கல் தீர்ந்தது. வெளித்தீவிலிருந்து துறைமுகத்துக்குக் கொண்டுவருவது இன்னும் தீராத பாதி.

“ஏழு வருஷம் இருந்தீர்களே, உங்களால் ஏதாவது மாறியதா?”

முன்னால் சொன்ன பேட்டரி அறையைப் பற்றி அடுத்த ஆண்டு வரவு செலவுத் திட்டத்துக்கு ஒரு வரி எழுதிக் கொடுத்தோம்: வெளித்தீவு நிலையங்களுக்கு டிஸ்டில்டு வாட்டர், ஃபியூஸ், இணைப்புத் திருகுகள், கப்பல் கூலி. முதல் ஆண்டில் அது வெட்டப்பட்டது. இரண்டாம் ஆண்டு, எரிசக்தித் துறையிலிருந்த இளம் பெண் அதிகாரி அந்தப் பதிவேட்டின் பக்கங்களை நகலெடுத்து நிதிக்குழுவின் முன் வைத்தார், அந்த வரி வெட்டப்படாமல் நிலைத்தது. மூன்றாம் ஆண்டு நான் அந்தத் தீவுக்குப் போனபோது கலங்கள் புதியவை, அறைக்குக் காற்று வர மேலே சன்னல் வைத்திருந்தார்கள், மூலையில் நீர் கேன்கள் ஆறு. இயக்குபவர் அவரேதான். பழைய பதிவேட்டைத் தூக்கிப் போடாமல், வெற்றுத்தாள்களிலிருந்தே தொடர்ந்து எழுதியிருந்தார்.